பேசியவர் பெயர்

அன்புள்ள மருமகளே,

ஐந்தாம் வகுப்புக்கு நீதான் லீடர் என்று உன் அம்மா போனில் சொன்னார்கள். எனக்கு ரொம்ப சந்தோஷம். டீச்சர் ஆபீஸ் ரூமுக்குப் போனதும் வகுப்பு சந்தைக்கடை ஆகிவிடுகிறது, பெயர் எழுதினால் சண்டைக்கு வருகிறார்கள், அத்தையிடம் கேட்டுச் சொல் என்றாயாம். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை என்பதால் எழுதுகிறேன்.

போர்டின் ஓரத்தில் ‘பேசியவர்கள்’ என்று எழுதி ஒரு கோடு, அதன்கீழே பெயர்கள். மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ‘மி’, அதற்கும் அடங்காவிட்டால் ‘மி.மி.’ நம் ஊர்த் தொடக்கப் பள்ளியில் படித்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. இத்தனை வருடமாகச் சின்ன வகுப்புப் பிள்ளைகளோடு இருக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பட்டியல் வேண்டாம். யார் பேசினார் என்பது அதில் இருக்கும், என்ன பேசினார் என்பது இருக்காது. கழித்தலில் கடன் வாங்குவது எப்படி என்று பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தவள் பெயர் போர்டில் ஏறிவிடும். அடுத்தவன் ரப்பரை ஒளித்து வைத்து அவனை அழவிட்டவன் வாயே திறந்திருக்க மாட்டான். அவன் தப்பித்துவிடுவான்.

லீடர் வேலை எங்கிருந்து வந்தது தெரியுமா? அந்தக் காலத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்கு அடுத்தபடி சட்டாம்பிள்ளை. கொஞ்சம் பெரிய பையனாக இருப்பான். சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதும், ஒப்பிக்கச் சொல்லிக் கேட்பதும் அவன் பொறுப்பு. 1789-இல் சென்னை எழும்பூரில், ராணுவத்தாரின் ஆதரவற்ற பிள்ளைகளுக்காக நடந்த விடுதிப் பள்ளியை ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஏற்று நடத்தினார். நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்து அதைத் தன் பள்ளிக்குக் கொண்டுவந்தார். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டையும் செய்தார். 1797-இல் அதைப் பற்றி லண்டனில் ஒரு நூல் வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரோடு அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. உனக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தவர்களுக்கு முதல் கடமை, கூடப் படிக்கிறவனைத் தூக்கிவிடுவது. நீயும் அங்கிருந்து தொடங்கு.

அந்தத் திண்ணையில் எல்லாமே நன்றாக இருந்தது என்று நினைத்துவிடாதே. கோதண்டம் என்று ஒரு தண்டனை உண்டு, கயிற்றைப் பிடித்துத் தொங்க வேண்டும். இப்போது சட்டம் அதற்கெல்லாம் இடம் தருவதில்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, எந்தக் குழந்தையையும் உடலால் தண்டிக்கக் கூடாது, மனத்தால் வதைக்கவும் கூடாது என்கிறது. ஸ்கேலால் விரல் முட்டியில் அடிப்பது, முட்டி போட வைப்பது, தொடையில் கிள்ளுவது, ‘மக்கு’ என்று எல்லோர் முன்னாலும் கூப்பிடுவது எல்லாம் அதில் சேரும். டீச்சரே செய்யக் கூடாததை லீடர் செய்யலாமா? ‘அடக்கி வை’ என்று யாராவது உன் கையில் ஸ்கேலைக் கொடுத்தால் வாங்காதே. உன்னையோ உன் கூட்டாளியையோ பெரியவர் யாராவது அடித்தால் வீட்டில் சொல். வீட்டில் சொல்ல முடியாத விஷயமானால் 1098 என்ற எண்ணுக்கு எந்தப் போனிலிருந்தும் காசில்லாமல் பேசலாம்.

இனி, போர்டில் யாரும் எழுதாத தப்புகளைப் பார். ஒரு பிள்ளைக்குப் பட்டப்பெயர் வைத்து நாலு பேர் சேர்ந்து கூப்பிடுவது. விளையாட்டில் ஒருத்தியை மட்டும் சேர்த்துக்கொள்ளாமல் விடுவது. சத்துணவுத் தட்டோடு உட்காரும்போது ஒருவன் பக்கத்தில் மட்டும் இடம் காலியாகக் கிடப்பது. இதையெல்லாம் சத்தமே இல்லாமல் செய்துவிடலாம், வகுப்பும் பார்க்க அமைதியாக இருக்கும். ஆனால் அந்தப் பிள்ளை மறுநாள் வயிற்றுவலி என்று வீட்டிலேயே இருந்துவிடும். பேச்சை விட இது எவ்வளவோ பெரிய ஒழுங்கீனம். அந்தக் காலி இடத்தில் நீ போய் உட்கார். லீடர் உட்கார்ந்தால் இன்னும் ரெண்டு பேர் வருவார்கள். ஊரிலோ தெருவிலோ கேட்ட வார்த்தையை வைத்து யாராவது ஒரு பிள்ளையை ஒதுக்கினால் அதை மட்டும் உன்னோடு வைத்துக்கொள்ளாதே, அன்றைக்கே டீச்சரிடம் சொல்லிவிடு.

அடங்காத பிள்ளை என்று பெயர் வாங்கியவர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். என் வகுப்பில் ஒரு பையன், போர்டைப் பார்த்து எழுதச் சொன்னால் போதும், எழுந்து நடமாடுவான், முன்னால் இருப்பவன் நோட்டைப் பிடுங்குவான். மற்ற நேரத்தில் நல்ல பையன். எழுதும்போது கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நோட்டின் மேல் மூக்குப் படும்படி குனிவதைப் பார்த்து முதல் வரிசையில் உட்கார வைத்தேன். பள்ளிக்குக் கண் பரிசோதனைக்கு வந்தவர்கள் அவனுக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அடுத்தவன் நோட்டு அவனுக்குத் தேவைப்படவில்லை. சிலருக்குக் காது மந்தம். சிலருக்கு இன்னும் எழுத்துக்கூட்டிப் படிக்க வராது, அது தெரிந்துவிடக் கூடாதே என்று கலாட்டா செய்வார்கள். சிலருக்குப் பசி. 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் தொடங்கியதே, அது வருவதற்கு முன்னால் வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். பசித்த பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு இருக்குமா?

அதனால் யாராவது ஓயாமல் தொல்லை கொடுத்தால், எப்போது கொடுக்கிறார்கள் என்று கவனி. எந்தப் பாடத்தில், யார் பக்கத்தில் இருக்கும்போது என்று பார்த்துவைத்து டீச்சரிடம் தனியாகச் சொல். எல்லோர் முன்னாலும் சொன்னால் அது கோள் மூட்டுவதாகிவிடும்.

டீச்சர் இல்லாத பத்து நிமிடத்துக்கு வேலை வேண்டும், அவ்வளவுதான். வாய்ப்பாட்டை ஒரு வரிசை கேட்க, அடுத்த வரிசை சொல்லட்டும். ஒரு சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்த சொல் தொடங்கும் விளையாட்டு வை, சத்தம் வந்தால் வரட்டும். பக்கத்து வகுப்புக்கு இடைஞ்சலானால் மட்டும் குறைக்கச் சொல். விதி வேண்டுமென்றால் எல்லோரையும் கேட்டு மூன்றே மூன்று போடுங்கள், ‘ஓடாதே’ என்று எழுதாமல் ‘வராண்டாவில் நடந்து போவோம்’ என்று எழுதுங்கள். அது உனக்கும் பொருந்த வேண்டும்.

இன்னொன்று. வருடம் முழுக்க ஒருவரே லீடராக இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வாரம் ஒருவர் என்று மாற்றலாமா என்று உன் டீச்சரைக் கேட்டுப் பார். வாசிக்கத் திணறுகிற பிள்ளைக்கும் ஒரு வாரம் வர வேண்டும், அந்த வாரம் நீ அதன் பக்கத்தில் இருந்து உதவு. டீச்சர் என்ன சொன்னார் என்று ஞாயிற்றுக்கிழமை அம்மா போனிலிருந்து கூப்பிட்டுச் சொல்.

இப்படிக்கு,
உன் அத்தை