தெளிப்பானுக்கு எந்தக் குழாய்?

தோட்டத்துக்குச் சொந்தமாகத் தெளிப்பான் செய்யக் கிளம்புகிறவர்கள் நேரே கடைக்குப் போய்க் குழாய் விலை கேட்கிறார்கள். அதற்கு முன் மொட்டை மாடித் தொட்டியை அண்ணாந்து பார்ப்பது நல்லது. 10 மீட்டர் உயரத் தண்ணீருக்குத்தான் 1 பார் அழுத்தம். தொட்டி 5 மீட்டரில் இருந்தால் அரை பார். வயலில் டக்டக்கென்று அடித்துச் சுற்றும் வகைக்கு 2 பாராவது வேண்டும். தொட்டித் தண்ணீர்தான் கதி என்றால், துளையிட்ட குழாயைப் பாத்தி ஓரம் கிடத்துவதே என் சிபாரிசு.

அதற்கு அரை அங்குல ஜி.ஐ. பைப் போதும். மஞ்சள் பட்டை மெல்லியது, சிவப்பு கனமானது. நடுத்தரமான நீலப் பட்டையை வாங்குங்கள். மரை வெட்டிய பிறகும் அதில் கனம் மிஞ்சும். ஒரு முனையில் எண்டு கேப், மறுமுனையில் ஓஸ் நிப்பிள். துளை 1.5 மி.மீ. இருக்கட்டும், அதைவிடச் சிறிதானால் உப்புத் தண்ணீர் சீக்கிரம் அடைத்துவிடும். இப்படி நூறு துளை சேர்ந்தால் குழாயின் வாய்க்கே சமம். அப்புறம் தண்ணீர் பீய்ச்சாது, ஒழுகும். ஒன்றரை மீட்டர் குழாய்க்கு முப்பதைத் தாண்டாதீர்கள். முதலில் பத்து மட்டும் போட்டுத் திறந்து பார்த்துவிட்டு மேலே போங்கள். துளையின் விளிம்பில் துத்தநாகப் பூச்சு போய்விடுவதால் நாளடைவில் துரு ஏறும். ஊசியால் குத்தி விடலாம். வளைவுக்கு எல்போ மாட்டுங்கள். வெல்டிங் வேண்டாம், துத்தநாகப் புகை காய்ச்சலில் கொண்டுபோய் விடும்.

மோட்டாரிலிருந்தே நேராகத் தண்ணீர் எடுக்கிறவர்கள் சுற்றும் தெளிப்பானே செய்யலாம். அதன் கைகளுக்குச் செம்பு. ஏ.சி. மெக்கானிக்கிடம் மீந்த துண்டுகள் கிடைக்கும். உள்ளே மணல் நிரப்பி வளைத்தால் நசுங்காது. நடுத்தண்டிலிருந்து இருபுறமும் நீளும் இரண்டு கைகளிலும் எதிரெதிர்ப் பக்கம் துளையிட்டால் பீய்ச்சும் வேகத்திலேயே சுற்றும். ஜி.ஐ. தண்டோடு செம்பை நேராக இணைத்தால் துத்தநாகம் அரித்துப்போகும். நடுவில் பித்தளை இணைப்பு வையுங்கள். இரவில் கழற்றி உள்ளே வைப்பதும் முக்கியம். பழைய சாமான் கடையில் செம்பு என்ன விலை போகிறது என்று நம்மைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் தெருவில் உண்டு.

அலுமினியம் மலிவுதான். ஆனால் மெல்லிய குழாயில் மரை நிற்காது, உப்புத் தண்ணீர் பொத்தல் போடும். எஸ்.எஸ். துருவைத் தாங்கும், வேகமாகத் துளையிட்டாலோ சூடேறி இறுகி ட்ரில் பிட்டைத் தின்றுவிடும். அதை வாங்குவதானால் மெதுவான வேகத்தில் எண்ணெய் விட்டுத் துளையிடத் தெரிந்த பட்டறையிலேயே வேலையைக் கொடுத்துவிடுங்கள்.