நின்று நின்று போன வேன்

கோலார் தங்கவயலில் மைசூர் மைன்ஸ் ஒரு பகுதி. ஒரு காலத்தில் இங்குள்ளவர்கள் சுரங்க வேலையை நம்பி வாழ்ந்தார்கள். 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. பலர் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போனார்கள். சிலர் வண்டி ஓட்டிப் பிழைத்தார்கள்.

அப்படி ஒருவர் பழைய ஆம்னி வேன் வைத்திருந்தார். காலையில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்வார். சில நாளாக வேனில் ஒரு கோளாறு. ஓடும்போது நன்றாக ஓடியது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சின் நடுங்கியது. பிறகு நின்றுவிட்டது.

ஒரு நாள் ரயில்வே கேட்டைக் கடக்கும்போது வேன் நின்றது. உள்ளே பிள்ளைகள் இருந்தார்கள். நல்ல வேளை, அப்போது ரயில் வரவில்லை. மறு தடவை சாவியைத் திருப்பியதும் எஞ்சின் ஓடியது. ஓட்டுநருக்குக் கை நடுங்கியது. அன்றே மெக்கானிக்கிடம் போனார்.

“அண்ணே, ஸ்க்ரூவைத் திருகி ஸ்லோவைக் கூட்டிக் கொடுங்க” என்றார்.

“அது கார்பரேட்டர் வண்டிக்குச் சரி, தம்பி. இது கம்ப்யூட்டர் வண்டி. ஸ்க்ரூவைத் திருகினால் கோளாறு மறையும், தீராது. பெட்ரோலும் வீணாகும்” என்றார் மெக்கானிக்.

எஞ்சின் ஏன் நிற்கிறது?

சுரங்கத்துக்குள் காற்று போக வழி வேண்டும். எஞ்சினுக்கும் அப்படித்தான். காற்று இல்லாமல் பெட்ரோல் எரியாது.

ஆக்சிலேட்டரை மிதித்தால் காற்று போகும் வாயில் ஒரு தகடு திறக்கும். காலை எடுத்தால் தகடு மூடிக்கொள்ளும். அப்போதும் எஞ்சின் ஓட வேண்டும் அல்லவா? அதற்காகப் பக்கத்தில் ஒரு சிறு வழி உண்டு. அந்த வழியில் ஒரு வால்வு இருக்கிறது. இதை ஐடில் வால்வு என்பார்கள். வண்டியின் கம்ப்யூட்டர் இந்த வால்வைத் தேவைக்கு ஏற்பத் திறக்கும், மூடும். எஞ்சின் குளிர்ந்திருந்தால் கூடுதலாகத் திறக்கும்.

நாளாக ஆக வால்வில் கரி படிகிறது. வால்வு அசையாமல் சிக்கிக்கொள்கிறது. மூடியபடி சிக்கினால் எஞ்சின் நிற்கும். திறந்தபடி சிக்கினால் எஞ்சின் வேகமாக இரைந்து ஓடும்.

மெக்கானிக் செய்த வேலை

1. வேனைத் திறந்த வெளியில் நிறுத்தினார். எஞ்சின் ஆறும்வரை காத்திருந்தார்.

2. முன் இருக்கையைத் தூக்கினார். ஆம்னியில் எஞ்சின் அதன் அடியில் இருக்கிறது.

3. முதலில் ரப்பர் குழாய்களைப் பார்த்தார். குழாய் வெடித்திருந்தாலும் இதே கோளாறு வரும். குழாய்கள் நன்றாக இருந்தன.

4. சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றினார்.

5. வால்வின் வயர் இணைப்பைக் கழற்றினார். பிறகு ஸ்க்ரூக்களைக் கழற்றி வால்வை எடுத்தார். அதன் முனை கரியால் கறுத்திருந்தது.

6. கரி நீக்கும் ஸ்பிரே அடித்து, மெல்லிய பிரஷால் துடைத்தார். காற்று வழியையும் துடைத்தார். வால்வின் முனையைக் கையால் இழுக்கவில்லை, அழுத்தவில்லை. மின்சாரப் பகுதியில் ஸ்பிரே படாமல் பார்த்துக்கொண்டார்.

7. நன்றாகக் காய்ந்த பின், புது ரப்பர் வளையம் போட்டு வால்வை மாட்டினார். வயர்களை இணைத்தார்.

8. ஆக்சிலேட்டரை மிதிக்காமல் எஞ்சினை ஓடவிட்டார். எஞ்சின் சூடானது. நடுக்கம் இல்லை. விளக்கைப் போட்டுப் பார்த்தார். எஞ்சின் நிற்கவில்லை.

“துடைத்த பிறகும் நின்றால் வால்வுக்கு வரும் மின்சாரத்தைச் சோதிக்க வேண்டும். அதுவும் சரியாக இருந்தால்தான் புது வால்வு வாங்க வேண்டும்” என்றார் மெக்கானிக்.

ஓட்டுநர் ஒரு சிறு நோட்டு வாங்கினார். தேதியையும் செய்த வேலையையும் தன் கையால் எழுதினார். மறுநாள் பிள்ளைகளை ஏற்றும் முன் தனியாக ஓட்டிப் பார்த்தார். ரயில்வே கேட்டை நிற்காமல் கடந்தார்.

நினைவில் வையுங்கள்

நின்று நின்று ஓடும் வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது. முதலில் பழுது பார்க்க வேண்டும்.

மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிடக் கூடாது. புகை உயிரைப் பறிக்கும்.

பதில் எழுதுங்கள்

1. காலை எடுத்ததும் வேன் ஏன் நின்றது?

2. ஸ்க்ரூவைத் திருக மெக்கானிக் ஏன் மறுத்தார்?

3. உங்கள் வீட்டில் எந்தப் பொருளின் பழுதை நோட்டில் எழுதி வைக்கலாம்?