முகவீணைக்காரரிடம் போவதற்கு முன்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உங்கள் கூத்து ஜமாவில் முகவீணை வாசிக்கும் அண்ணனுக்குக் காலையிலேயே கை நடுங்குகிறது, பல் துலக்கும் முன்பே ஊற்றிக்கொள்கிறார், நீ குடியை விட்டதைப் பார்த்துவிட்டு உன்னைச் சுற்றிச் சுற்றி வருகிறார் என்று எழுதியிருக்கிறாய். அவரிடம் போனால் நானும் விழுந்துவிடுவேனோ, ஒதுங்கியே இருந்துவிடட்டுமா என்றும் கேட்டிருக்கிறாய்.

போ தம்பி. உன் பயம் நியாயமானது. இருந்தாலும் போ. எப்படிப் போக வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ குடியை விட்டுப் பத்து மாதம் ஆகிறது. முதல் மாதத்தில் உன்னைப் பற்றி எனக்கு இருந்த கவலையைவிட இப்போது இருக்கும் கவலை பெரிது. அப்போது உடம்பே உனக்கு நினைவூட்டிக்கொண்டிருந்தது: வியர்வை, வாந்தி, கண்ணை மூடினால் வராத தூக்கம். இப்போது முகம் தெளிந்துவிட்டது. கூத்து வாத்தியார் உன்னை நம்பி மறுபடி கர்ணன் வேஷம் கொடுத்திருக்கிறார். பிள்ளை உன் மடியில் வந்து உட்காருகிறது. இந்த நல்ல நாள்களில்தான் பழைய நாள்களின் கெட்டது மங்கிப்போகும். பந்தலுக்குப் பின்னால் நாலு பேரோடு சிரித்துக் குடித்தது நினைவில் நிற்கும். மறுநாள் புஜக்கட்டையைக் கட்டக் கை நிற்காமல் இன்னொருவர் கட்டிவிட்டது நினைவில் இருக்காது. நான் பார்த்தவரையில், திரும்பக் குடிக்கப் போனவர்களில் பலர் துக்கம் தாங்காமல் போகவில்லை, மறந்துபோய்த்தான் போனார்கள்.

முகவீணைக்காரரின் கை உன்னை அதை மறக்க விடாது. அவர் எதிரில் உட்கார்ந்து உன் கதையை நீயே வாய்விட்டுச் சொல்லும்போது, உனக்குள் மங்கிக்கொண்டிருந்தது மறுபடி துலங்கும். அவருக்கு நீ செய்வது உதவி. அதே நேரத்தில் அவர் உனக்குச் செய்வதும் உதவி. இதை அவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) கூட்டங்களில் அடிக்கடி சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. நீயும் அரைகுறையாகக் கேட்டிருப்பாய், முழுதாகச் சொல்கிறேன். பில் வில்சன் நியூயார்க்கில் பங்குச் சந்தை வியாபாரம் செய்தவர். குடியால் எல்லாம் போய், 1934 டிசம்பரில் டவுன்ஸ் மருத்துவமனையில் சேர்ந்தார். அங்கே தனக்கு ஏதோ ஒளி தெரிந்ததாக உணர்ந்தார். வெளியே வந்ததும் கண்ணில் பட்ட குடிகாரர்களிடமெல்லாம் அந்த ஒளியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். மாதக்கணக்கில் பேசியும் ஒருவர்கூடக் குடியை நிறுத்தவில்லை. சோர்ந்துபோனவரிடம் அவர் மனைவி லோயிஸ், நீங்கள் குடிக்காமல் இருக்கிறீர்களே என்று எடுத்துச் சொன்னார். அவருக்குச் சிகிச்சை அளித்த டாக்டர் சில்க்வொர்த், பிரசங்கம் செய்வதை விட்டுவிட்டு இது எப்பேர்ப்பட்ட நோய் என்பதை முதலில் சொல்லுங்கள் என்றார்.

1935 மே மாதம் ஒரு வியாபார விஷயமாக ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் நகருக்குப் போனார் பில். போன காரியம் தோற்றுவிட்டது. கையில் காசு இல்லை, தெரிந்தவர் யாரும் இல்லை. மே 11, சனிக்கிழமை. மேஃபிளவர் ஹோட்டல் முகப்பில் ஒரு பக்கம் மதுக்கூடத்தின் சிரிப்புச் சத்தம், இன்னொரு பக்கம் தொலைபேசி. உள்ளே போய்விடுவோம் என்ற பயத்தில் அவர் தேடியது தனக்கு ஆறுதல் சொல்ல ஒருவரை அல்ல. தான் பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி வேண்டும் என்று அந்த ஊர்ப் பாதிரியார் ஒருவருக்குப் போன் செய்தார். சுற்றிச் சுற்றி அந்த அழைப்பு ஹென்ரியேட்டா சீபர்லிங் என்ற பெண்மணியிடம் போய்ச் சேர்ந்தது. அவர் மறுநாள் டாக்டர் பாப் ஸ்மித்தைத் தன் வீட்டுக்கு வரவழைத்தார். டாக்டர் பாப் அறுவைச் சிகிச்சை நிபுணர், பல வருஷக் குடி. கால் மணி நேரத்துக்கு மேல் இருக்க மாட்டேன் என்ற நிபந்தனையோடு வந்தவர், இரவு பதினொரு மணிக்கு மேல்தான் எழுந்து போனார்.

பில் அவருக்குப் புத்தி சொல்லவில்லை. தன் குடியின் கதையைச் சொன்னார். நான் குடிக்காமல் இருக்க உங்களிடம் பேசியாக வேண்டியிருக்கிறது என்பதுதான் அவர் அங்கே வந்ததன் அர்த்தம். அதுவரை டாக்டர் பாப்பிடம் பேசியவர்கள் எல்லோரும் மேட்டில் நின்று பேசினார்கள். முதல்முறையாக ஒருவர் சமமாக உட்கார்ந்து, உங்களால் எனக்கு ஆக வேண்டியது இருக்கிறது என்றார். இரவு வரை அவரை உட்கார வைத்தது அதுதான் என்று நான் நம்புகிறேன்.

இந்தக் கதையில் இன்னொரு பகுதி உண்டு, அதைச் சிலர் விட்டுவிடுவார்கள். சில வாரம் கழித்து டாக்டர் பாப் ஒரு மருத்துவ மாநாட்டுக்கு அட்லாண்டிக் சிட்டி போனார், போன இடத்தில் மறுபடி குடித்தார். பில் அதைத் தன் தோல்வியாக எடுத்துக்கொண்டு தானும் குடிக்கப் போகவில்லை. திரும்பி வந்தவரைப் படுக்க வைத்துப் பார்த்துக்கொண்டார். 1935 ஜூன் 10 டாக்டர் பாப் குடித்த கடைசி நாள். அந்தத் தேதியிலிருந்துதான் இருவரும் சேர்ந்து தொடங்கிய ஏ.ஏ. தன் வயதைக் கணக்கிடுகிறது. அந்த மாதமே இருவரும் ஆக்ரன் நகர மருத்துவமனைக்குப் போய், அடுத்த ஆளைத் தேடினார்கள். செவிலியரை அடித்ததற்காகக் கட்டிலோடு கட்டிவைக்கப்பட்டிருந்த ஒரு வக்கீல் கிடைத்தார். அவரும் குடியை விட்டு எழுந்தார். பின்னாளில் டாக்டர் பாப் சிஸ்டர் இக்னேஷியாவோடு சேர்ந்து செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஆயிரக்கணக்கான குடிநோயாளிகளுக்குக் காசு வாங்காமல் சிகிச்சை அளித்தார். 1950இல் அவர் இறந்தபோது, ஜூன் 10க்குப் பிறகு ஒரு சொட்டும் அவர் தொட்டிருக்கவில்லை.

இதைக் கதையாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வின் தரவுகளை வைத்து மரியா பகானோவும் உடன் ஆய்வாளர்களும் 2004இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். மற்ற குடிநோயாளிகளுக்கு உதவியவர்களில் 40 சதவீதம் பேர் சிகிச்சை முடிந்த அடுத்த ஓராண்டில் குடிக்காமல் இருந்தார்கள். உதவாதவர்களில் 22 சதவீதம் பேர்தான். உதவியதால் நிலைத்தார்களா, நிலைக்கக் கூடியவர்களே உதவப் போனார்களா என்று நீ கேட்கலாம். நல்ல கேள்வி, எண் மட்டும் அதற்கு முழுப் பதில் ஆகாது. ஆனால் உதவியவர்களிலும் நூற்றுக்கு 60 பேர் குடித்திருக்கிறார்கள் என்பதையும் அதே எண் சொல்கிறது. உதவி செய்கிறேன், இனி எனக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்துவிடாதே.

உதவுகிறவரை அந்த உதவியே காக்கும் என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டவுடன் எத்தனை பேர் ஒரு மண்டலம் குடிக்காமல் இருக்கிறார்கள்! மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றியதும் பலர் நேரே கடைக்குப் போய்விடுகிறார்கள். குருசாமியைக் கவனித்திருக்கிறாயா? பழைய குடிகாரர்களாக இருந்து குருசாமி ஆனவர்கள் சிலரை எனக்குத் தெரியும். கன்னிச்சாமிக்கு மாலை போட்டுவிட்டு, இருமுடி கட்டிக் கொடுத்து, வருஷம் முழுவதும் அந்தக் குடும்பங்களின் நல்லது கெட்டதுக்குப் போய் நிற்கிறவர் மாலை கழற்றிய பிறகும் குடிப்பதில்லை. அவரை நம்பி நாலு பேர் இருக்கிறார்கள். கன்னிச்சாமியைக் காப்பாற்றுவது மாலை, குருசாமியைக் காப்பாற்றுவது கன்னிச்சாமி.

இனி, முகவீணைக்காரர் விஷயம்.

முதலில் மருத்துவம். காலையில் குடிக்காவிட்டால் கை நடுங்குகிறவரிடம் இன்றோடு நிறுத்துங்கள் என்று ஒருநாளும் சொல்லிவிடாதே. கடைசியாகக் குடித்த ஆறேழு மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதையொட்டி இல்லாதது கண்ணுக்குத் தெரியும், பிதற்றல் வரும், உயிரே போகலாம். மாலை போட்டுத் திடீரென்று நிறுத்தியவர்களுக்கும் இது நேரும். சாமி குற்றம் என்று அதை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போ. நடுக்கத்துக்கு மாத்திரையும் பி1 வைட்டமின் ஊசியும் கொடுத்துப் படிப்படியாக இறக்குவார்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். உன் கதையைச் சொல்வதற்கான நேரம் அவர் உடம்பு அடங்கிய பிறகுதான் வரும். போதையில் இருப்பவரிடம் பேசியதில் பலன் கிடைத்து நான் பார்த்ததில்லை.

தனியாகப் போகாதே. ஆக்ரன் மருத்துவமனைக்குப் பில்லும் டாக்டர் பாப்பும்கூட இருவராகத்தான் போனார்கள். கூட்டத்திலிருந்து ஒருவரை அழைத்துக்கொள். முகவீணைக்காரரை அவர் வீட்டில் பார், இல்லையென்றால் டீக்கடையில் பார். அவரைத் தேடிக்கொண்டு டாஸ்மாக் வாசலுக்குப் போக வேண்டாம். 'நீ சும்மா உட்காரு, நான் ஒரு குவார்ட்டர் முடிச்சிட்டு வரேன்' என்று அவர் சொன்னால், எழுந்து வந்துவிடு. அது மரியாதைக் குறைவு ஆகாது.

பேசும்போது உன்னைப் பற்றி மட்டும் பேசு. நீங்கள் இப்படி ஆகிவிட்டீர்களே என்று ஆரம்பித்தால் அங்கேயே முடிந்துவிடும். அந்த வாக்கியத்தை அவர் மனைவி, அண்ணன், வாத்தியார் எல்லோரிடமும் கேட்டுவிட்டார். படுகளத்தன்று காலையில் துரியோதனன் விழ வேண்டிய நேரத்தில் நீ எங்கே கிடந்தாய் என்று நீ சொன்னால், அதை அவர் யாரிடமும் கேட்டிருக்க மாட்டார். பணம் கொடுக்காதே. அவர் கடனுக்குப் பொறுப்பேற்காதே. வாத்தியாரிடம் அவருக்காகப் பொய் சொல்லாதே. வேஷம் கட்டும் கலைஞனுக்கு எதிராளியின் அழுகை சட்டென்று உள்ளே போய்விடும், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அவர் மனைவிக்கு வாக்குக் கொடுத்துவிடாதே. பத்து வருஷமாக வாக்குகளைக் கேட்டுக்கேட்டு ஓய்ந்தவர் அவர். அவருக்கு வேறு துணை வேண்டும். லோயிஸ் வில்சன் 1951இல் குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்காக அல்-அனான் தொடங்கினார். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். குடிக்காமலே இந்த நோயில் கிடப்பவர்கள் வீட்டில் இருக்கிறார்கள் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. உன் மனைவி ஒருநாள் முகவீணைக்காரரின் மனைவியைப் போய்ப் பார்த்தால், நீ போவதைவிட அது நல்லது.

நம் தொழிலில் ஒரு பொய் தலைமுறை தலைமுறையாக ஓடிக்கொண்டிருக்கிறது. தண்ணி போட்டால்தான் விடிய விடியக் கட்டை தாங்கும், குரல் எடுக்கும் என்று. இது நமக்கு மட்டும் வந்த பொய் அல்ல. சார்லி பார்க்கர் போல சாக்ஸஃபோன் வாசிக்க வேண்டுமென்றால் அவரைப் போல ஹெராயினும் வேண்டும் என்று நம்பி ஒரு தலைமுறை ஜாஸ் கலைஞர்கள் நாசமானார்கள். 1955இல் பார்க்கர் இறந்தபோது வயது 34. அந்த உலகத்திலிருந்தே பட்டி அர்னால்ட் என்ற சாக்ஸஃபோன் கலைஞரும் வந்தார். ஹெராயினால் சிறைக்குப் போய் மீண்ட அவர், 1992இல் லாஸ் ஏஞ்சலஸில் தன்னைப் போன்ற இசைக் கலைஞர்களுக்கென்றே ஓர் உதவி அமைப்பை மனைவியோடு சேர்ந்து தொடங்கினார். கலைஞனின் சாக்குகள் இன்னொரு கலைஞனுக்குத்தான் தெரியும். குடித்தால் தொண்டை வறண்டு அதிகாலைப் பாட்டில் சுருதி இறங்குகிறது என்று ஒரு டாக்டர் சொன்னால் முகவீணைக்காரர் தலையாட்டுவார். பத்து மாதமாகக் குடிக்காமல் கர்ணமோட்சம் முழுக்கக் கட்டிய நீ சொன்னால், அவரால் மறுக்க முடியாது. இந்த ஜமாவில் அதைச் சொல்ல உன்னைத் தவிர ஆள் இல்லை.

அவர் நிறுத்தாமலும் போகலாம். மருத்துவமனையிலிருந்து வந்த வாரமே குடிக்கலாம், உன்னைக் கண்டபடி பேசலாம். அன்றைக்கு ராத்திரி நீ குடிக்காமல் படுத்திருந்தால் நீ போன காரியம் நடந்துவிட்டது. அவருடைய காரியம் அவருடையது. மறுபடி கூப்பிட்டால் மறுபடி போ. இதைச் சொல்லும்போதே எனக்கு வலிக்கிறது, ஏனென்றால் நான் உட்கார்ந்து பேசியவர்களில் சிலர் இன்று இல்லை. அவர்களிடம் போனது வீண் என்று ஒருநாளும் நான் நினைத்ததில்லை.

அவரிடம் பேசிவிட்டு வந்த பிறகு உனக்கே நாக்கு ஊறினால், அதை மறைக்காதே. எத்தனை மணியானாலும் எனக்குப் போன் பண்ணு. யாருக்காவது உதவுகிறோம் என்பதால் நமக்கு உதவி வேண்டாம் என்று ஆகிவிடாது. வாரக் கூட்டத்தை விட்டுவிட்டு அவர் வீட்டுக்கு ஓடாதே, கூட்டம் முடித்துவிட்டுப் போ.

பங்குனி பிறந்தால் பாரதக் கூத்து தொடங்கிவிடும், ஆடி வரை உனக்கும் அவருக்கும் ராத்திரித் தூக்கம் கிடையாது. அதற்குள் அவரை ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடு. இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறி வருகிறேன். முதல்முறை போகும்போது உன்னோடு நான் இருக்கிறேன். நான் வருவதை அவரிடம் முன்கூட்டியே சொல்லி, சம்மதம் கேட்டு வை.

அன்புடன்,
உன் அண்ணன்