இலையை எரிக்காமல் வாசனை எடுப்போம்
சிறு தைல வடிகலன் பற்றிய ஒரு பாடம்



2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை ஊவா மக்கள் மறக்கவில்லை. அதற்கு முன்னும் பின்னும் மண்சரிவினாலும் வேறு காரணங்களாலும் இருந்த இடத்தை விட்டு வந்த குடும்பங்கள் பல. அவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஒரு வீடும் சில பேர்ச் நிலமுமே. அந்தச் சிறு நிலத்தில் விளைவதை அப்படியே சந்தைக்குக் கொண்டு போனால் லொறிக் கூலிக்கும் போதாது. ஆகவே, விளைந்ததைப் பெறுமதி கூட்டி விற்க வழியுண்டா என்று பல குடும்பங்கள் கேட்கின்றன. வாசனைத் தைலம் வடித்தல் அத்தகைய வழிகளில் ஒன்று. கடன் எடுத்துக் கலன் செய்யுமுன் அறிய வேண்டியவற்றை இப்பாடத்தில் பார்ப்போம்.

1. வாசனை எங்கே இருக்கிறது?

ஒரு யூக்கலிப்டஸ் இலையை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை அளவு புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய் நிறைந்த சிறு பைகள். சேரப் புல்லிலும் கறுவா இலையிலும் இதுபோன்றே எண்ணெய் ஒளிந்திருக்கிறது. சூடு பட்டால் அது ஆவியாகி வெளியேறும். சூடு அளவுக்கு மிஞ்சினால் இலை கருகும். வாசனைக்குப் பதிலாகப் புகையும் கரிநாற்றமுமே மிஞ்சும்.

தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்கு இது புதிதல்ல. யூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று வீசும் காலத்தில் ஊவாத் தேயிலைக்கு வரும் தனி மணத்தை உலகமே விலை கொடுத்து வாங்குகிறது. அதே கொழுந்தை அடுப்பில் அதிகம் காய்ச்சிவிட்டால் மணம் போய்விடும். எனவே முதல் விதி இதுதான்: இலைக்குச் சூடு வேண்டும், நெருப்பு ஆகாது.

2. நீராவி செய்யும் உதவி

யூக்கலிப்டஸ் தைலத்தின் முக்கிய பொருளான சினியோல் தனியே கொதிக்க 176 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தில் இலை கெட்டுவிடும். ஆனால் நீராவி இலைகளின் ஊடாகச் செல்லும்போது எண்ணெய் 100 பாகைக்கும் குறைந்த வெப்பத்திலேயே அதனுடன் சேர்ந்து வந்துவிடுகிறது. காற்றின் அழுத்தத்தை எதிர்க்கும் வேலையை நீராவியும் எண்ணெய் ஆவியும் பங்கிட்டுக் கொள்வதே இதற்குக் காரணம். கனமான மரத்தை இருவர் சேர்ந்து தூக்குவது போல என்று வைத்துக் கொள்ளுங்கள்.

மலையில் ஏறஏறத் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். பதுளை நகரில் ஏறத்தாழ 98 பாகையிலும், அப்புத்தளையில் ஏறத்தாழ 95 பாகையிலும் கொதிக்கும். இதனால் தைலத்துக்குக் கெடுதி இல்லை.

3. வீட்டிலேயே ஒரு சோதனை

கலன் செய்யுமுன் உங்கள் இலையில் எண்ணெய் உண்டா என்று பாருங்கள். யூக்கலிப்டஸ் எல்லாம் ஒன்றல்ல. தைலத்துக்குப் பெயர்பெற்றது குளோபியூலஸ் என்னும் இனம். பலகைக்காக நடப்படும் கிராண்டிஸ் இனத்தில் எண்ணெய் குறைவு.

அகன்ற சட்டியில் நான்கு விரல் உயரத்துக்குத் தண்ணீர் விடுங்கள். தண்ணீருக்கு மேலே துளையுள்ள தட்டை வைத்து, நடுவில் ஒரு கிண்ணத்தையும் சுற்றிலும் நறுக்கிய இலையையும் வையுங்கள். குவிந்த மூடியைத் தலைகீழாகக் கவிழ்த்து மூடி, அதன் குழியில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுங்கள். மெல்லிய தீயில் முக்கால் மணி நேரம் அவியுங்கள். ஆவி மூடியில் பட்டுக் குளிர்ந்து கிண்ணத்தில் சொட்டும். மூடியின் தண்ணீர் சூடேறினால் மாற்றுங்கள். கிண்ணத்து நீரின் மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தால் முயற்சியைத் தொடரலாம். வெறும் மணம் மாத்திரம் வந்தால் அந்த இலைக்காகக் கடன்படாதீர்கள்.

4. கலனை அமைக்கும்போது கவனிக்க வேண்டியவை

(அ) பாத்திரம்: துருப்பிடிக்காத உருக்கு சிறந்தது. இரும்புப் பீப்பாயில் தைலத்தின் நிறம் மாறும். கிருமிநாசினி, களைநாசினி இருந்த பீப்பாயை எத்தனை முறை கழுவினாலும் பயன்படுத்தக் கூடாது.

(ஆ) தட்டு: கொதிக்கும் தண்ணீர் இலையைத் தொடாதபடி, தண்ணீருக்கு ஒரு சாண் மேலே துளைத்தட்டு இருக்க வேண்டும். தண்ணீர் வற்றினால் அடியில் இலை கருகும்.

(இ) இலை அடைத்தல்: பலர் தவறுவது இங்கேதான். இறுக்கமாகத் திணித்தால் ஆவிக்கு வழியில்லை. தளர்வாகப் போட்டால் ஆவி ஒரு பக்கத்தால் மட்டும் ஓடிவிடும். மற்ற இலை அவியாது. படை படையாகப் பரப்பிச் சமமாகக் கையால் அழுத்துங்கள். இலையை ஒருநாள் நிழலில் வாடவிடலாம். வெயிலில் காயப்போட்டால் எண்ணெய் பறந்துவிடும்.

(ஈ) குழாய்: மூடியிலிருந்து குளிர்தொட்டி வரை ஒரே சரிவாக இறங்க வேண்டும். நடுவில் தாழ்ந்தால் அங்கே நீர் தேங்கி வழி அடைபடும்.

(உ) குளிர்விப்பு: தொட்டிக்குக் குளிர்ந்த நீர் அடியால் வந்து, சூடேறிய நீர் மேலால் போக வேண்டும். குழாய் முனையில் வரும் நீர் கைக்குக் குளிராக இருந்தால் சரி. முனையில் ஆவி பறந்தால் உங்கள் வருமானமே பறக்கிறது, தீயைக் குறையுங்கள்.

(ஊ) பிரித்தல்: யூக்கலிப்டஸ், சேரத் தைலங்கள் நீரில் மிதக்கும். ஆகவே அடியிலிருந்து நீர் வெளியேறும் பாத்திரம் வேண்டும். கறுவா இலைத் தைலம் நீரில் தாழும். அதற்கு மேலிருந்து நீரை எடுக்க வேண்டும். தைலத்தை உலர்ந்த, கருநிறக் கண்ணாடிப் போத்தலில் நிரப்பி வையுங்கள்.

5. எவ்வளவு கிடைக்கும்?

நல்ல குளோபியூலஸ் பச்சை இலை 100 கிலோவில் ஏறத்தாழ 1 கிலோ தைலம் எதிர்பார்க்கலாம். சேரப் புல் 100 கிலோவில் 200 முதல் 400 கிராம் வரையே கிடைக்கும். அடுப்பு இரண்டு மூன்று மணி நேரம் எரிய வேண்டும். விறகு, தண்ணீர், உழைப்பு மூன்றையும் கணக்கிட்டுப் பாருங்கள். அவித்து முடிந்த இலையை உலர்த்தினால் அடுத்த அடுப்புக்கு விறகு மிச்சம். தனி ஒரு குடும்பத்துக்கு ஒரு கலன் கட்டுப்படியாகாது; பத்துக் குடும்பங்கள் சேர்ந்தால் கட்டுப்படியாகலாம். வாங்குபவரைத் தேடிப் பேசியபின் கலன் செய்யுங்கள். கலன் செய்தபின் வாங்குபவரைத் தேடாதீர்கள்.

சரிவில் நட்ட சேரப் புல்லை வேரோடு பிடுங்க வேண்டாம். ஒரு சாண் விட்டு வெட்டுங்கள். அந்த வேர்தான் உங்கள் முற்றத்து மண்ணைப் பிடித்து நிற்கிறது. பிறருடைய மரத்தில் இலை பறிக்குமுன் தோட்ட நிர்வாகத்திடமோ வனத் திணைக்களத்திடமோ அனுமதி பெறுங்கள்.

6. ஆபத்தும் சட்டமும்

வெளிவழி அடைபட்ட கலன் வெடிக்கும். மூடியைக் கம்பியால் இறுக்கிக் கட்டாமல், மாப்பசையால் ஒட்டுங்கள். அழுத்தம் கூடினால் பசை விட்டுக் கொடுக்கும். தைல ஆவி தீப்பற்றும். சேர்க்கும் பாத்திரம் அடுப்பிலிருந்து தள்ளி இருக்கட்டும். யூக்கலிப்டஸ் தைலத்தைக் குடிக்கக் கூடாது. சிறிதளவு விழுங்கினாலும் குழந்தைகளுக்கு வலிப்பு வரலாம். கைக்குழந்தையின் மூக்கிலும் முகத்திலும் பூசவே கூடாது.

இன்னொன்று. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு இக்கலன் கசிப்புக் கலன் போலவே தெரியும். கசிப்பு நம் லயங்களில் எத்தனை குடும்பங்களை அழித்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். மது வடிக்கும் கருவி வைத்திருப்பது மதுவரிச் சட்டப்படி குற்றம். ஆகவே வேலை தொடங்குமுன் கிராம உத்தியோகத்தர், பொலிஸ், மதுவரி அலுவலகம் ஆகியோரிடம் எழுத்தில் அறிவித்து, என்ன அனுமதி வேண்டுமோ அதைப் பெற்று, பிரதியை வைத்துக் கொள்ளுங்கள். கலனை மறைவிடத்தில் வைக்காமல் எல்லோரும் பார்க்கும் பொது இடத்தில் வையுங்கள். இரவில் அதன் சாவி யாரிடம் இருக்கும் என்பதைச் சங்கக் கூட்டத்திலேயே முடிவு செய்யுங்கள். பெண்கள் கையில் இருப்பது நன்று என்பது நமது எண்ணம்.

குழுவில் கலந்துரையாட

1. நமது நிலத்திலும் சுற்றாடலிலும் எந்த வாசனை இலை போதிய அளவு உண்டு?
2. விறகுக்கு வழி என்ன? அதற்காக எந்த மரம் வெட்டப்படும்?
3. எத்தனை குடும்பங்கள் சேரலாம்? கணக்கை எழுதுபவர் யார்?
4. கலன் கசிப்புக்குப் பயன்படாமல் எப்படிப் பாதுகாப்போம்?

இந்நான்குக்கும் விடை எழுதிய பின்னரே பணத்தைப் பற்றிப் பேசுங்கள்.