ஊதா நிறப் புழுவை மீன் ஏன் கடிக்கிறது?

கேள்வி: டல்லாஸ் பக்கம் குடிவந்து நான்கு வருடம் ஆகிறது. சின்ன வயதில் ஊர்க் கண்மாயில் மண்புழு கோர்த்துக் கெண்டையும் கெளுத்தியும் பிடித்தவன் நான். இங்கே மகனோடு பாஸ் மீன் பிடிக்கப் போகலாம் என்று தூண்டில் கடைக்குப் போய் மலைத்து நின்றுவிட்டேன். ஊதா நிறத்தில் பச்சை மினுக்குத்தூள் தூவிய ரப்பர் புழு, ஊக்கு மாதிரி வளைந்த கம்பியில் தகடும் குஞ்சமும் என்று சுவர் முழுக்கத் தொங்குகிறது. இப்படி ஒரு ஜந்து எந்த ஏரியிலும் கிடையாதே? மீன் இதை என்னவென்று நினைத்துக் கடிக்கிறது? எந்த நிறம் வாங்குவது? பேசாமல் உயிர் இரையே போட்டுவிடலாமா?
— ஒரு வாசகர், டெக்சாஸ்

பதில்: "என்னவென்று நினைத்துக் கடிக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த ஒரு வரிக்காகவே உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பெட்டி பெட்டியாக வாங்கிக் குவிப்பவர்களில் பலர் இதைக் கேட்பதில்லை. இதற்கு விடை தெரிந்துவிட்டால் எதை வாங்குவது என்ற கேள்வி பாதி தீர்ந்த மாதிரிதான்.

முதலில் ஒரு தப்பெண்ணத்தை ஒதுக்கிவிடுவோம். லூர் என்கிற செயற்கை இரை நிஜ இரையை அச்சு அசலாக ஒத்திருந்தால்தான் மீன் ஏமாறும் என்று நாம் நினைக்கிறோம். மனிதக் கண்ணுக்கு அது நியாயமாகப் படுகிறது. பாஸ் பிடிப்பவர்களின் உலக சாதனைப் பட்டியல் வேறு மாதிரி சொல்கிறது. 1932 ஜூன் 2 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் மான்ட்கோமரி ஏரியில் ஜார்ஜ் பெர்ரி என்பவர் 22 பவுண்டு 4 அவுன்ஸ் எடையுள்ள மீனைப் பிடித்தார். பத்து கிலோவுக்கும் சற்று மேல். அவர் தூண்டிலில் இருந்தது செயற்கை இரை. 2009 ஜூலை 2 அன்று ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா பிடித்த மீன் அதைவிட ஓர் அவுன்ஸ்கூட முழுதாக அதிகமில்லை. பழைய சாதனையை முறியடிக்க 2 அவுன்ஸாவது கூடுதல் வேண்டும் என்பது விதி, அதனால் இருவரும் சமம். குரிட்டா போட்டது உயிருள்ள புளூகில் என்னும் மீன். ஆக, உலகின் முதலிடத்தை இன்று ஓர் உயிர் இரையும் ஒரு செயற்கை இரையும் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன.

அப்படியானால் உண்மைக் காரணம் என்ன? உங்கள் ஊர் விராலை நினைத்துக்கொள்ளுங்கள். கோரைக்கும் அல்லிக்கும் அடியில் அசையாமல் கிடந்து, தவளை எட்டும் தூரத்தில் குதித்ததும் பாயுமே, லார்ஜ்மவுத் பாஸும் அதே சுபாவம். குடும்பம் வேறு, வேட்டை ஒன்று. மரக்கட்டைக்கும் பாசிக்கும் ஒதுங்கி நிற்கும். கடந்து போவதைப் பிடிப்பதா விடுவதா என்று முடிவெடுக்க அதற்குக் கிடைப்பது இமைப்பொழுது. யோசித்து நின்றால் இரை போய்விடும். மீனுக்குக் கை கிடையாது; தொட்டுப் பார்க்க வேண்டும் என்றால் வாய்க்குள் எடுத்துத்தான் பார்க்க வேண்டும். பெரிய வாயைத் திறந்ததும் தண்ணீரோடு சேர்த்து இரையும் உள்ளே உறிஞ்சப்படும். பிடிக்கவில்லை என்றால் அடுத்த கணமே துப்பிவிடும். நாம் "கடித்தது" என்கிறோம். பல சமயம் அது தொட்டுப் பார்த்ததுதான்.

பசி மட்டுமே காரணம் என்றும் எண்ணாதீர்கள். வசந்த காலத்தில் தண்ணீர் 15 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது ஆண் பாஸ் கரையோர ஆழமற்ற நீரில் பள்ளம் பறித்து, பெண் இட்ட முட்டையைக் காவல் காக்கும். அப்போது அருகில் எது வந்தாலும் மோதி விரட்டும். அந்த நேரத்தில் ரப்பர் பல்லியைக் கவ்வுவது உணவாக அல்ல, திருடனாக எண்ணித்தான்.

சரி, அந்த இமைப்பொழுது முடிவை எதை வைத்து எடுக்கிறது? கண்ணையும் பக்கக் கோட்டையும் வைத்து. பக்கக் கோடு என்பது தண்ணீரின் சிறு அதிர்வைக்கூட உணரும் உறுப்பு வரிசை. நீங்கள் அதைப் பார்த்திருக்கிறீர்கள். கெண்டையைச் செதில் சுரண்டி ஆயும்போது செவுளின் ஓரத்திலிருந்து வால்வரை விலாவில் புள்ளி புள்ளியாக ஒரு கோடு ஓடும் அல்லவா, அதேதான். பக்கத்தில் ஒரு குஞ்சு நீந்தினால் தண்ணீர் எவ்வளவு அசைகிறது, எந்தப் பக்கம் போகிறது என்பதைக் கலங்கல் நீரிலும் இருட்டிலும் அந்தக் கோடு சொல்லிவிடும். நீங்கள் பார்த்த ஊக்கு மாதிரிக் கம்பிக்கு ஸ்பின்னர்பெய்ட் என்று பெயர். அதன் தகடு சுழன்று தண்ணீரைப் படபடவென அடிப்பது இந்தக் கோட்டுக்காகத்தான். உருவத்தில் அது எந்த ஜந்துவையும் ஒத்திருக்காது. அசைவில் ஒரு சின்ன மீன் கூட்டத்தை ஒத்திருக்கும்.

அசைவின் மதிப்பை நன்கு கண்டுகொண்டவர்களில் ஒருவர் ஃபின்லாந்து மீனவர் லாரி ரப்பாலா. பெரிய மீன்கள் ஒரு கூட்டத்தைத் துரத்தும்போது கோணலாகத் தள்ளாடி நீந்தும் குஞ்சையே குறி வைப்பதை அவர் கவனித்தார். 1936இல் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிய ஈயத்தாளை மேலே ஒட்டி, புகைப்பட நெகட்டிவை உருக்கிப் பூசி ஒரு பொய் மீன் செய்தார். அது அழகாக இருந்ததைவிடச் சரியாகத் தள்ளாடியதுதான் விஷயம்.

இனி நிறம். இலினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லார்ஜ்மவுத் பாஸின் கண்ணைச் சோதித்திருக்கிறார்கள். நிறம் பிரித்தறியும் கூம்பு செல்கள் நமக்கு மூன்று வகை. பாஸுக்கு இரண்டே வகை, ஒன்று சிவப்புக்கு, மற்றொன்று பச்சைக்கு. குறிப்பிட்ட நிறத்தைத் தொட்டால் தீனி என்று பழக்கிப் பார்த்தபோது சிவப்பையும் பச்சையையும் நன்றாகவே பிரித்தன. கடுநீலத்தையும் கறுப்பையும் குழப்பிக்கொண்டன. கண்ணைப் பறிக்கும் மஞ்சளுக்கும் வெள்ளைக்கும்கூட வித்தியாசம் பார்ப்பதில் தடுமாறின. கடைச் சுவரில் நாம் பார்த்து வியக்கும் ஐம்பது நிறங்கள் மீனின் கண்ணில் மிகச் சில நிறங்களாகச் சுருங்கிவிடும். இதோடு தண்ணீரும் தன் பங்குக்கு வடிகட்டும். சில மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு மங்கிக் கருமையாகிவிடுகிறது. நீங்கள் கேட்ட ஊதாப் புழு கலங்கல் நீரில் ஓர் இருட்டு உருவம், அவ்வளவே. மேலிருந்து வரும் வெளிச்சத்துக்கு எதிரே அந்த நிழலுருவம் தெளிவாகத் தெரிவதால் கடிக்கிறது.

ஆகவே நிறத்துக்கு நான் சொல்லும் கணக்கு எளியது. தண்ணீர் தெளிவாக இருந்தால் பச்சையும் பழுப்பும் கலந்த மந்தமான நிறம். கலங்கலாக இருந்தால் கறுப்போ கடுநீலமோ. மீன் குஞ்சுகள் மேலே துள்ளும் இடத்தில் வெள்ளை. இதற்கு மேல் நிறத்துக்காக ஒரு டாலரும் செலவிட வேண்டாம்.

செலவிட வேண்டிய அக்கறை ஆழத்திலும் வேகத்திலும். மீன் குளிர்ந்த ரத்தப் பிராணி. அதாவது அதன் உடல் சூடு தண்ணீரின் சூட்டோடு ஏறி இறங்கும். ஜனவரித் தண்ணீரில் அதற்குச் செரிமானமே மெதுவாக நடக்கும், ஓடுகிற இரையைத் துரத்தாது. அப்போது லூரை அடியில் போட்டு, பொறுமையாக, இன்னும் பொறுமையாக இழுக்க வேண்டும். மே மாத விடியலில் அதே மீன் மேற்பரப்பில் குளக் குளக்கென்று போகும் மிதவை லூரை வந்து அடிக்கும். நடுப்பகல் வெயிலில் ஆழத்துக்கும் நிழலுக்கும் போய்விடும். கிராங்க்பெய்ட் என்னும் கட்டியான மீன் உருவ லூரை எடுத்துப் பாருங்கள், மூக்குக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். நாக்கு நீளமாக இருந்தால் ஆழமாகப் பாயும், குட்டையாக இருந்தால் மேலாகவே வரும். வாங்கும்போது நிறத்தைப் பார்க்கும் முன் அந்த நாக்கைப் பாருங்கள். மீன் நிற்காத ஆழத்தில் எவ்வளவு நல்ல லூரும் வீண்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எது என்று கேட்டால், நான் அந்த ரப்பர் புழுவைத்தான் காட்டுவேன். 1949இல் ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரான் நகரில் நிக் கிரீம் என்பவர் இதை உருவாக்கினார். பிறகு அவருடைய தொழிலே உங்களுக்குக் கிழக்கே ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் டைலர் நகருக்கு வந்துவிட்டது. டெக்சாஸின் ஏரிகளில் பெரும்பாலானவை அணை கட்டித் தேக்கியவை. அடியில் மூழ்கிய மரங்கள் நிறைய. சாதாரண முள் அங்கே இரண்டாவது வீச்சிலேயே கிளையில் சிக்கி அறுந்துவிடும். ரப்பர் புழுவை வைத்து அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள், பெயரே டெக்சாஸ் ரிக். ரிக் என்றால் முள், ஈயம், இரை மூன்றையும் கோர்க்கும் விதம்.

மகனோடு உட்கார்ந்து வீட்டிலேயே கோர்த்துப் பழகுங்கள். தோட்டா வடிவ ஈயக்குண்டை முதலில் நரம்பில் ஓடவிட்டு, பிறகு தோள்பட்டை போல மடிந்த முள்ளை முடியுங்கள். முள்ளின் நுனியைப் புழுவின் தலைக்குள் அரை விரற்கடை இறக்கிப் பக்கவாட்டில் வெளியே எடுங்கள். முள்ளை அப்படியே இழுத்து, மடிப்பு புழுவின் தலைக்குள் போய் உட்காரும் வரை விட்டு, முள்ளைத் திருப்புங்கள். இப்போது முள்ளை உடம்பின்மேல் வைத்துப் பார்த்து, வளைவு எங்கே தொடுகிறதோ அந்த இடத்தில் நுனியைக் குத்தி, மறுபக்கம் வந்தும் வராமலும் தோலுக்குள்ளேயே ஒளித்துவிடுங்கள். புழு நேராகத் தொங்க வேண்டும். சுருண்டு நின்றால் இழுக்கும்போது நரம்பு முறுக்கிக்கொள்ளும். கழற்றி மறுபடி கோருங்கள். விரலால் புழுவைத் தடவிப் பார்த்தால் முள் குத்தக் கூடாது. விரலில் குத்தாதது கிளையிலும் குத்தாது.

மரத்தின் ஓரம் வீசி, அடி தொடும் வரை விட்டு, கோலை மெல்லத் தூக்கி மெல்ல இறக்குங்கள். இறங்கும்போதுதான் மீன் எடுக்கும். நரம்பில் டக் டக் என்று இரண்டு சுண்டு, அல்லது நரம்பு தானாகப் பக்கவாட்டில் நகரும். உடனே மிச்சத் தளர்வைச் சுற்றி எடுத்துக்கொண்டு அழுத்திச் சுண்டி இழுங்கள். புழு மெத்தென்று இருப்பதால் மீன் அதைத் துப்ப ஒரு நொடி கூடுதலாக எடுத்துக்கொள்ளும். பல புழுக்களில் உப்பு கலந்திருப்பதும் அந்த ஒரு நொடிக்காகத்தான்.

உயிர் இரை பற்றிக் கேட்டீர்கள். தாராளமாகப் போடலாம், அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. டெக்சாஸின் சாதனை மீனே, 1992 ஜனவரியில் லேக் ஃபோர்க்கில் கிடைத்த 18.18 பவுண்டு பாஸ், ஒரு சின்னக் கெண்டைக் குஞ்சைத்தான் எடுத்தது. அதைப் பிடித்தவர் போனதோ கிராப்பி என்ற வேறொரு சிறு மீனைத் தேடி! குளிர்காலத்திலும் பொறுமை குறைந்த சிறுவர்களுக்கும் உயிர் இரையே சுகம். அது தானே அசையும், தானே மணக்கும்.

ஒரு சங்கடம் உண்டு. நிஜ இரையை மீன் துப்பாது, விழுங்கிவிடும். முள் தொண்டைக்குள் இறங்கிவிட்டால் திரும்ப நீரில் விட்டாலும் பிழைப்பது கடினம். சின்ன மீனைத் திருப்பி விட நினைக்கிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். வழி இருக்கிறது: நுனி உள்நோக்கி வளைந்த வட்ட முள் வாங்குங்கள். மீன் விழுங்கினாலும் அது வழுக்கி வந்து பெரும்பாலும் வாயின் ஓரத்தில்தான் மாட்டும். அதைப் போட்டிருக்கும்போது சுண்டி இழுக்கக் கூடாது, நிதானமாகச் சுற்றினால் போதும். அதையும் மீறி முள் ஆழத்தில் போயிருந்தால் பிடுங்காதீர்கள். நரம்பை வாயருகே வெட்டி முள்ளோடு விட்டுவிடுங்கள். பிடுங்குவதைவிட அப்படி விட்டால் பிழைக்க வாய்ப்பு அதிகம்.

கடைக்கு மறுபடி போகும்போது ஒரு பை கருநீலப் புழு, ஒரு பை பச்சைப் புழு, தோட்டா ஈயம், மடிப்பு முள், வெள்ளைக் குஞ்சம் வைத்த ஸ்பின்னர்பெய்ட் ஒன்று, குட்டை நாக்குக் கிராங்க்பெய்ட் ஒன்று வாங்குங்கள். இந்த வருடத்துக்கு அது போதும். மீன்பிடி உரிமமும் எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை அங்குல மீனை வைத்துக்கொள்ளலாம் என்பது ஏரிக்கு ஏரி மாறும், போகுமுன் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மாலையில் வாளியில் மிஞ்சும் உயிர்க் குஞ்சுகளைப் பாவம் பார்த்து ஏரியில் கொட்டிவிடாதீர்கள். வேற்று நீரின் மீன் ஓர் ஏரியில் பரவினால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானே சாட்சி. குரிட்டா பிடித்த பாஸும் அவர் இரையாகப் போட்ட புளூகில்லும் ஜப்பானில் பிறந்த இனங்கள் அல்ல. இரண்டுமே அமெரிக்காவிலிருந்து போனவை. புளூகில்லை 1960இல் சிகாகோவிலிருந்து கொண்டுவந்தவர் அன்றைய பட்டத்து இளவரசர் அகிஹிட்டோ. அது பரவி உள்நாட்டு மீன்களை அழித்ததற்காக 2007இல் பேரரசராக இருந்தபோது அவரே வருத்தம் தெரிவித்தார். இன்று பிவா ஏரியில் பாஸோ புளூகில்லோ தூண்டிலில் மாட்டினால் திரும்ப நீரில் விடுவதற்கே தடை.