சோபாவுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்

ஸ்ரீரங்கம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

துவாக்குடி வீட்டில் பால் காய்ச்சியாயிற்று, இனிச் சாமான்தான் பாக்கி என்று எழுதியிருந்தாய். சோபா, சாப்பாட்டு மேசை, டிவி அலமாரி, கட்டில் எல்லாவற்றையும் ஒரே சாம்பல் நிறத்தில் செட்டாக எடுத்துவிட்டால் கவலை விட்டது என்கிறாய். பாட்டியின் தேக்குப் பெஞ்சுக்கு வெள்ளைப் பெயின்ட் அடிக்கலாமா என்றும் கேட்டிருக்கிறாய். இரண்டும் வேண்டாம் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதலில் தரையைப் பார். நீ மாற்ற முடியாத, வீட்டிலேயே பெரிய நிறம் அதுதான். இங்கே நம் பழைய வீட்டில் சிவப்பு ஆக்சைடு தரை. செட்டிநாட்டுப் பக்கம் போனால் ஆத்தங்குடிப் பூக்கல். வண்ணத்தையெல்லாம் தரையே சுமந்தது. அதன்மேல் ஊஞ்சலும் பெஞ்சும் மரத்தின் சொந்த நிறத்தில் கிடந்தன. யாரும் உட்கார்ந்து பொருத்தம் பார்க்க வேண்டியிருக்கவில்லை. உன் வீட்டிலோ பளபளக்கும் சந்தன நிற டைல்ஸ், சுவரும் அதே வெளிர் நிறம். எதை வைத்தாலும் தனித்துத் தெரியும். அங்கே எல்லாம் சாம்பலாக வந்து நின்றால் தரை அழுக்கேறியதுபோல் மஞ்சளாகத் தோன்றும், சோபா நீலம் பாரித்துத் தெரியும்.

பக்கத்து நிறம் இப்படித்தான் கண்ணை ஏமாற்றும். பாரிஸில் கோப்லான் என்று அரசாங்கத்துச் சித்திரத் திரை நெசவுக்கூடம் உண்டு. 1824-இல் அங்கே சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்றவர் செவ்ரோல் என்ற வேதியியல் அறிஞர். கறுப்புச் சாயம் மங்கலாக இருக்கிறது என்று அவரிடம் புகார் வந்தது. சோதித்தால் சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் ஓடிய நீலமும் ஊதாவும்தான் கறுப்பை மங்கவைத்தன. 1839-இல் இதைப் பெரிய நூலாகவே எழுதிவைத்தார். உடலோடு கரையைச் சேர்த்துப் பார்த்தே சேலை எடுக்கிற உனக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அந்தக் கண்ணோடு வீட்டையும் பார் என்கிறேன்.

பெஞ்சைத் தொடாதே. புதிதாக இழைத்த தேக்கு திட்டுத்திட்டாக இருக்கும். வெளிச்சம் பட்டுப் பட்டுத்தான் ஒரே பொன்பழுப்பாக மாறும். எந்தக் கடையிலும் அது விலைக்குக் கிடைக்காது. பெயின்ட் அடித்துவிட்டுப் பிறகு மனம் மாறிச் சுரண்டினாலும், ரேகைக்குள் இறங்கிய வெள்ளை முழுதாக வராது. அதன் பக்கத்தில் தேக்கு மாதிரி அச்சடித்த மைக்கா ஒட்டிய டிவி அலமாரியையும் வைக்காதே. ஒன்று, அதே நிறமாக இருக்க வேண்டும். இல்லை, நன்றாக விலகியிருக்க வேண்டும். கிட்டத்தட்ட ஒத்துப்போவதுதான் கண்ணை உறுத்தும். அலமாரிக்கு ரேகையில்லாத, மேட் பூச்சு உள்ள வெளிர் மைக்கா போதும். கறுப்புப் பளபளப்பு எடுத்தால் தஞ்சாவூர் சாலைப் புழுதியைத் தினமும் துடைத்துக்கொண்டிருப்பாய்.

சோபாவுக்கு ராமர் பச்சை எடுத்துப் பார். தேக்கோடு அது இழையும், வெளிர்த் தரையில் கனமாக உட்காரும். குஷனுக்கு அரக்கு. மயில்கழுத்து நிறம் எனக்கும் பிடிக்கும்தான், ஆனால் அந்தச் சிறிய ஹாலில் பச்சைக்கும் அதற்கும் போட்டியாகிவிடும். அதைப் படுக்கையறைத் திரைக்கு வைத்துக்கொள். மேற்கு ஜன்னலை ஒட்டி மட்டும் சோபாவைப் போடாதே, திருச்சி வெயிலில் துணி வெளுத்துவிடும்.

உன்னிடமிருக்கும் துருவேறிய சாம்பல் பீரோவைப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடாதே. நீ இருப்பதே இரும்பு வேலைக்குப் பேர்போன ஊர். மாப்பிள்ளையிடம் சொல்லி, சிட்கோ தொழிற்பேட்டைப் பக்கம் பவுடர் கோட்டிங் பட்டறை எது என்று விசாரிக்கச் சொல். பழைய பெயின்டையும் துருவையும் எடுத்துவிட்டு, பவுடரை மின்னேற்றித் தூவி, 200 டிகிரியை ஒட்டிய சூட்டில் சுட்டெடுப்பார்கள். கண்ணாடியையும் பூட்டையும் முன்னதாகக் கழற்றிவிட வேண்டும். அங்கே நிறத்துக்கு எண்தான் பேச்சு: ரால் 1015 என்றால் வெளிர் தந்த நிறம், 6021 வெளிர் பச்சை, 8017 சாக்லேட் பழுப்பு. உன் படுக்கையறைக்கு 6021 எடுக்கலாம்.

கடை விளக்கை நம்பி எதையும் முடிவு செய்யாதே. உன் ஹாலில் மாட்டியிருப்பது 6500 கே பல்பு. நீலம் கலந்த வெள்ளை. அதன் கீழே தேக்குகூடச் சோகை பிடித்ததுபோல் இருக்கும். அதை முதலில் 3000-க்கு மாற்று, செலவு கொஞ்சம்தான். பிறகு கடையில் சோபாத் துணியின் மாதிரித் துண்டுகளைக் கேட்டு வாங்கி வா. விரலகலத் துண்டு போதாது, கைக்குட்டை அளவாவது வேண்டும். பெஞ்சின் மேலும் தரையின் மேலும் போட்டுக் காலையில் ஒருமுறை, விளக்குப் போட்ட பின் ஒருமுறை பார்.

ஆடி கழிந்ததும் பெரியம்மாவும் நானும் வருகிறோம். பெஞ்சுக்குப் பாலிஷ் போட இங்கிருந்தே ஆளைக் கூட்டிவருகிறேன். அதுவரை அதைப் பால்கனியில் போட்டுவைக்காதே, சாரல் படும்.

அன்புடன்,
பெரியப்பா