வீடு விற்பவரைத் தேடி ஒரு தபால்

என் சித்தப்பா தாம்பரத்தில் வீட்டுத் தரகர். சென்ற கோடை விடுமுறையில் அவருக்குத் தபால் எழுதிக் கொடுத்தேன். அதில் கற்றதை இங்கே எழுதுகிறேன்.

வாங்குகிறவர் தானே வருவார். விற்கிறவரைத்தான் தேட வேண்டும். மாடம்பாக்கத்தில் மனை வாங்கிப் போட்டுவிட்டு வெளியூரில் இருப்பவர், அப்பா காலமானபின் பாகம் பிரிக்கும் பிள்ளைகள், 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த முடிச்சூர்க்காரர் சிலர். தெருவில் நடந்தாலே பாதி தெரியும்: பூட்டிய கேட், முள் மண்டிய மனை. சர்வே எண் இருந்தால் வில்லங்கச் சான்றில் பெயரும் பத்திர எண்ணும் கிடைக்கும். விலாசத்துக்குப் பத்திர நகல் வேண்டும். 1908-ம் ஆண்டுப் பதிவுச் சட்டம் 57-வது பிரிவுப்படி, கட்டணம் கட்டினால் யாருக்கும் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் தருவார்கள். எனக்கே இது ஆச்சரியம்தான்! ஆனால் அது வாங்கிய நாளில் இருந்த விலாசம். பல தபால்கள் திரும்பி வரும்.

முதலில் 50 பைசா கார்டில் எழுதினோம். 'வீட்டை அவசரமாக விற்க வேண்டுமா? உடனே ரொக்கம்!' என்பது வாசகம். 100 கார்டு 50 ரூபாய், மலிவுதானே என்று நினைத்தோம்.

பத்தாம் நாள் சேலையூரிலிருந்து ஓர் அம்மா கார்டும் கையுமாக வந்தார். "ஏன் தம்பி, நாங்க வீட்டை விக்கிறோம்னு உங்களுக்கு யாரு சொன்னது? கீழ் வீட்டுல குடியிருக்கிறவங்க இதைப் படிச்சிட்டு அட்வான்ஸைத் திருப்பிக் கேக்கறாங்க. பொண்ணுக்கு வரன் பேசிக்கிட்டு இருக்கோம். கடன்ல மூழ்கிட்டாங்கன்னு அவங்க காதுக்குப் போனா என்ன ஆகும்?" என்றார். சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. கார்டில் இருந்தது என் கையெழுத்து.

அதன்பின் ஒட்டிய கவர்தான், 5 ரூபாய் தபால்தலையோடு. செலவு பத்து மடங்கு என்று சித்தப்பாவுக்கு வருத்தம். 'அவசரம்' போனது. 'ரொக்கம்' என்பதும் தப்பு. வீடு, மனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை 2015 முதல் வருமானவரிச் சட்டம் தடுக்கிறது. சாவு, கடன், வெள்ளம் எதையும் கடிதத்தில் தொடுவதில்லை. எங்கள் பெயர், விலாசம், 'விற்கும் எண்ணம் இல்லையென்றால் மன்னிக்கவும், மறுபடி எழுதமாட்டோம்' என்ற ஒரு வரி. அவ்வளவே.

40 கவர் போட்டோம். 9 திரும்பி வந்தன. 3 பேர் போன் செய்தார்கள். அதில் மதுரையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்தான் நிஜமாக விற்பவர். மனை என்ன விலை போகும் என்று என்னிடமே கேட்டார். பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பைச் சொல்லி, "தெருவில் அதைவிடக் கூடப் போகுது சார், பக்கத்து மனைக்காரரையும் கேட்டுப் பாருங்க" என்றேன். சித்தப்பா முறைத்தார். ஆசிரியர் அடுத்த வாரமே பத்திர நகலை அனுப்பி வைத்தார்.